முன்சீப் ஆகணும்னா மூணு வருஷம்

"எம் பொண்ணு வக்கீலுக்குப் படிச்சு முடிச்சிருச்சுங்கய்யா. ஜட்ஜ் ஆகணும்ங்குது. எம்புட்டு செலவாகும்?"

திண்டுக்கல்லில் வக்கீல் தொழில் செய்யும் என்னிடம் வேடசந்தூர்ப் பக்கத்துக் கட்சிக்காரர் ஒருவர் போன மாதம் கேட்டார். நூல் மில்லில் ஷிப்டு பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். நத்தம், நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் என்று எந்தத் திசையிலிருந்து வரும் பெற்றோரும் இதையேதான் கேட்கிறார்கள். ஜட்ஜ் வேலை என்றால் யாரையாவது பிடிக்க வேண்டும், எங்கேயாவது கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் மனசில் ஊறிப் போயிருக்கிறது. அவரிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். அது பரீட்சை எழுதி வாங்குகிற வேலை. டி.என்.பி.எஸ்.சி. நடத்துகிறது. 2023 ஜூனில் வந்த அறிவிப்பில் சிவில் நீதிபதி, அதாவது முன்சீப் பதவிக்கு 245 இடங்கள் இருந்தன. முதல்நிலைத் தேர்வில் தேறினால் முதன்மைத் தேர்வு. நான்கு தாள், தாளுக்கு 100 மதிப்பெண். நேர்முகத் தேர்வுக்கு 60. நானூறு எங்கே, அறுபது எங்கே என்று பாருங்கள். எழுதத் தெரிந்தவர்தான் உள்ளே போக முடியும்.

எழுத வேண்டியதும் சாதாரணமானதில்லை. ஒரு தாள் முழுக்க மொழிபெயர்ப்பு. சாட்சியின் வாக்குமூலம், ஆவணம், தீர்ப்பு எல்லாவற்றையும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் கொண்டுவர வேண்டும். இன்னொரு தாளில் சிவில் வழக்குக்கு எழுவினா வனைந்து தீர்ப்பெழுத வேண்டும். மற்றொன்றில் கிரிமினல் வழக்குக்குக் குற்றச்சாட்டு வனைந்து தீர்ப்பு. மதுரை சட்டக் கல்லூரியிலோ, 2019-இல் தொடங்கிய தேனி சட்டக் கல்லூரியிலோ ஐந்து வருடம் படித்துவிட்டு வருகிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பலர், உண்மையான ஒரு கேஸ் கட்டைப் பிரித்துப் பார்த்ததே கிடையாது. தண்டனைச் சட்டம் என்று அவர்கள் மனப்பாடம் செய்ததும் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவாகிவிட்டது. பிரிவு எண்களை எல்லாம் திரும்ப ஒருமுறை உருப்போட வேண்டும்.

சம்பளத்தைச் சொன்னபோது அந்தப் பெரியவர் நம்பவில்லை. நீதியரசர் பி.வி.ரெட்டி தலைமையிலான இரண்டாவது தேசிய நீதித்துறை ஊதிய ஆணையத்தின் பரிந்துரையை உச்ச நீதிமன்றம் 2022-இல் ஏற்றுக்கொண்ட பிறகு, புதிதாகச் சேரும் சிவில் நீதிபதியின் அடிப்படைச் சம்பளம் 27,700 ரூபாயிலிருந்து 77,840 ரூபாய் ஆனது. பஞ்சப்படி, மற்ற படிகள் எல்லாம் அதற்கு மேல். திண்டுக்கல் கோர்ட்டில் கோட்டும் கவுனும் மாட்டிக்கொண்டு முதல் வருடம் நிற்கிற ஜூனியருக்கு பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் கிடைத்தால் நல்ல சீனியர் என்று பெயர். அப்படியிருக்க, எல்லாரும் அந்தப் பரீட்சையை எழுத முண்டியடிக்க வேண்டுமல்லவா? முண்டியடிக்கவில்லை. ஏன் என்பதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

எழுதாதவர்கள் யார் என்று முதலில் பார்ப்போம். அப்பா வக்கீல், தாத்தா வக்கீல் என்று இருக்கிற வீட்டுப் பிள்ளை பெரும்பாலும் எழுதுவதில்லை. அவனுக்கு ஆபீஸ் இருக்கிறது, குமாஸ்தா இருக்கிறார், பரம்பரைக் கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள். நாலு வருடத்தில் அவன் சம்பாத்தியம் முன்சீப் சம்பளத்தைத் தாண்டிவிடும். திருச்சியில் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கிப் போகிற கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் சென்னை, பெங்களூரு, மும்பை கம்பெனிகளுக்குப் போய்விடுகிறார்கள்.

எழுதுகிறவர்களில் நான் அதிகம் பார்ப்பது முதல் தலைமுறைப் பட்டதாரிகளை. அதிலும் பெண்களை. இதற்குக் காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. ஒரு பெண் வக்கீலிடம் குடும்ப கோர்ட் கேஸைக் கொடுப்பார்கள். ஐம்பது லட்ச ரூபாய் சொத்து வழக்கைக் கொடுக்க யோசிப்பார்கள். "பெரிய வக்கீலய்யா இல்லையாம்மா?" என்று அவளிடமே கேட்பார்கள். ராத்திரி ஸ்டேஷனுக்குப் போக வேண்டிய கேஸ் அவளுக்கு வராது. பார் அறையில் ஒரு நாற்காலி கிடைக்கவே வருடங்கள் ஆகும். அதே பெண் பரீட்சை எழுதித் தேறி மேடையில் உட்கார்ந்தால், நேற்று வரைக்கும் அவளை ஏறிட்டுப் பார்க்காத சீனியர் எழுந்து நின்று குனிந்து வணங்கி "அம்மா" என்று வாதத்தைத் தொடங்குவார். வருடக்கணக்கில் காத்திருந்து சம்பாதிக்க வேண்டிய மரியாதையை ஒரு தேர்வு முடிவு வாங்கித் தருகிறது. அதை விரும்புவதில் என்ன தப்பு இருக்கிறது?

ஆனாலும் தயங்குகிறார்கள். நல்ல மூளை உள்ள பிள்ளைகளே தயங்குகிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசினால் பண விஷயம் ரெண்டாவதாகத்தான் வரும்.

முதலில் வருவது வாழ்க்கை. சொந்த மாவட்டத்தில் பொதுவாகப் போஸ்டிங் போட மாட்டார்கள். ஓரிடத்தில் மூன்று வருடம் போல இருந்தால் கோடையில் மாற்றல் உத்தரவு வரும். பிள்ளைக்கு ஸ்கூல், புருஷனுக்கோ மனைவிக்கோ வேறு ஊரில் வேலை. ஊரில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் மனம்போல் போய் உட்கார முடியாது. அந்த மண்டபத்தில் வாதியோ பிரதிவாதியோ இருப்பார். கூடப் படித்த வக்கீல் நண்பனோடு டீ குடித்தால் மறுநாள் மொட்டைக் கடுதாசி போகும், உயர் நீதிமன்றத்தின் விஜிலென்ஸுக்கு. மாதத்துக்கு இத்தனை யூனிட் வேலை முடித்திருக்க வேண்டும் என்று கணக்கு வேறு. குற்றத்தை ஒப்புக்கொண்ட சின்ன கேஸ் ஒரு நாளில் முடியும். எட்டில் ஒரு பங்கு கிணறு, வாரத்தில் இத்தனை மணி நேரம் மோட்டார் ஓட்டும் முறை, செத்துப்போன அண்ணன் தம்பிகளின் வாரிசுகள் பதினேழு பேர் என்று வருகிற எங்கள் சமவெளிப் பாகவழக்கு அப்படி முடியாது. மல்லிகைத் தோட்டமோ முருங்கைக் காடோ, தண்ணீர் இல்லாமல் நிலத்துக்கு மதிப்பில்லை. அதனால் கிணற்றை விட்டுக்கொடுக்க யாரும் தயாரில்லை. சாட்சி விசாரணை இழுக்கும். காலையில் டவாலி மூன்று முறை பெயரைக் கூப்பிடுவதில் தொடங்கி, ராத்திரி வீட்டில் தீர்ப்பெழுதுவது வரைக்கும் அந்த நாள் முடியவே முடியாது.

அதற்கு மேல் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பிள்ளைகள் வெளிப்படையாகப் பேசமாட்டார்கள். தன் கையால் எழுதுகிற தீர்ப்பின் பாரம்.

2019-இல் வடமதுரைக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு சிறுமி கொல்லப்பட்டாள். தகப்பனார் முடிதிருத்தும் தொழிலாளி. 2020 செப்டம்பர் கடைசியில், குற்றம் சாட்டப்பட்டவரை திண்டுக்கல் மகளிர் நீதிமன்றம் விடுதலை செய்தது. குற்றம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்படவில்லை என்பது காரணம். அடுத்த மாதமே தமிழ்நாடு முழுக்க சலூன்களை அடைத்துப் போராடினார்கள். எங்கள் ஊரில் எந்தத் தெருவுக்குப் போனாலும் அதே பேச்சு. அந்த வீட்டின் துக்கத்துக்கு முன்னால் எந்தச் சட்ட விளக்கமும் நிற்காது. அந்தக் கோபம் எனக்கும் புரிந்தது. ஆனால் என் ஆபீஸில் அப்போது இருந்த ஜூனியர் ஒருவன், பரீட்சைக்குத் தயாராகிக் கொண்டிருந்தவன், இரண்டு நாள் பேசாமலே இருந்தான். பிறகு கேட்டான்: "சார், போலீஸ் சாட்சியத்தை ஒழுங்காகச் சேர்க்காமல் விட்டால், ஊர் முழுக்க எதிரில் நின்றாலும் நான் விடுதலை என்றுதான் எழுத வேண்டும் இல்லையா?" ஆமாம் என்றேன். அவன் கடைசியில் அந்தப் பரீட்சைக்கு விண்ணப்பமே போடவில்லை. இன்று நன்றாகத் தொழில் செய்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தாங்க முடியாது என்று தெரிந்து விலகுவதும் ஒரு நேர்மைதான்.

விடுதலை எழுதுவது ஒரு பாரம். நடுவராக உட்கார்ந்து ரிமாண்டு எழுதுவது அதைவிடப் பெரிய பாரம் என்று நான் நினைக்கிறேன். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்சும் போலீஸ் அடியில் உயிரிழந்தபோது, நடுவர் அவர்களை நேரில் சரியாகப் பார்க்காமலே காவலுக்கு அனுப்பிவிட்டாரா என்று நாடு முழுக்கக் கேள்வி எழுந்தது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சாசனம் எழுதி வைத்திருக்கிறது. அது முத்திரை குத்தி அனுப்புவதற்காக எழுதப்பட்டதில்லை. நடுவர் அந்த ஆளின் முகத்தைப் பார்த்து, "போலீஸ் அடிச்சாங்களா?" என்று கேட்க வேண்டும். நடையைப் பார்க்க வேண்டும், உடுத்திய துணியில் ரத்தம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்கு, வீட்டு வாசலில், ஒரு வேன் நிறையப் போலீஸ் நிற்க, இருபத்தாறு வயதில் இதைச் செய்ய நெஞ்சுரம் வேண்டும்.

அதே வழக்கில்தான் மறுபக்கமும் இருக்கிறது. கோவில்பட்டி நீதித்துறை நடுவர் எம்.எஸ்.பாரதிதாசன் உயர் நீதிமன்ற உத்தரவின்படி விசாரிக்க சாத்தான்குளம் ஸ்டேஷனுக்கே போனார். அங்கே அவருக்கு ஒத்துழைப்பு தராமல், அவரை ஒருமையில் இழிவாகவும் பேசினார்கள். அவர் எழுந்து வந்துவிடவில்லை. தலைமைக் காவலர் ரேவதியின் வாக்குமூலத்தைப் பதிவு செய்தார். லத்தியிலும் மேஜையிலும் இருந்த ரத்தக் கறை பற்றி அந்தப் பெண் சொன்னது அப்படித்தான் ஏட்டில் ஏறியது. நடந்ததை எல்லாம் அறிக்கையாக எழுதி அனுப்பினார். மதுரைக் கிளையில் நீதியரசர்கள் பி.என்.பிரகாஷும் பி.புகழேந்தியும் அந்த ஸ்டேஷனையே வருவாய்த் துறைக் கட்டுப்பாட்டில் கொண்டுவர உத்தரவிட்டார்கள். ஒரு கீழ்நிலை நடுவரின் அறிக்கைக்கு இவ்வளவு வலு உண்டு. ஏன் ஜட்ஜ் ஆக வேண்டும் என்று கேட்கிற பிள்ளைகளுக்கு நான் சம்பளப் பட்டியலைக் காட்டுவதில்லை, இதைத்தான் சொல்கிறேன்.

இனி தலைப்பில் சொன்ன மூன்று வருட விஷயத்துக்கு வருகிறேன்.

சட்டம் படித்து முடித்தவுடனே பரீட்சை எழுதலாமா, கொஞ்ச நாள் கோர்ட்டில் நின்றுவிட்டு எழுத வேண்டுமா என்ற வழக்கு பழையது. 1993-இல் உச்ச நீதிமன்றம் மூன்று வருடப் பிராக்டிஸ் வேண்டும் என்றது. 2002-இல் அதையே எடுத்துவிட்டது. அப்போது சொன்ன காரணம் நியாயமானது: மூன்று வருடம் தொழில் பார்த்துக் காலூன்றிய கெட்டிக்காரப் பிள்ளைக்கு அதன்பிறகு முன்சீப் வேலை கவர்ச்சியாகத் தெரிவதில்லை, நல்ல ஆட்கள் வராமல் போகிறார்கள். அதனால் தமிழ்நாட்டில் வக்கீல்களோடு புதுப் பட்டதாரிகளும் எழுத வழி இருந்தது. 2025 மே 20 அன்று தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய் அமர்வு மூன்று வருடத்தை மறுபடி கொண்டுவந்தது. நேராகப் படிப்பிலிருந்து மேடைக்கு வருகிறவர்களால் பிரச்சினை வருகிறது என்று பல உயர் நீதிமன்றங்கள் சொன்னதை ஏற்றுக்கொண்டது. நீதிபதிகளிடம் சட்ட எழுத்தராக இருந்த காலத்தையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். தேர்வானபின் ஒரு வருடப் பயிற்சியும் கட்டாயம்.

மூன்று வருடம் வேண்டும் என்பதை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். புத்தகத்தில் கிடைக்காதது எது என்று காட்ட ஒன்று சொல்கிறேன். வண்டிப்பாதைத் தகராறு ஒன்றில் கோர்ட் என் ஜூனியர் பெண்ணை ஆணையராக நியமித்தது. சர்வேயரோடு போய் இடத்தைப் பார்த்து, அளந்து, அறிக்கை கொடுக்க வேண்டும். நல்ல வெயில். கல் நகர்த்தப்பட்டிருக்கிறது என்று வாதி கத்துகிறார், அது தாத்தா காலத்துக் கல் என்று பிரதிவாதி கத்துகிறார். நடுவில் பிரதிவாதி வீட்டுப் பாட்டி ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து, "குடி தாயி, கருத்துப் போயிட்ட" என்று நீட்டினாள். பாட்டிக்குக் கள்ளம் இல்லை. இவள் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தான் கொண்டுபோன பாட்டில் தண்ணீரைக் குடித்தாள். சற்று நேரத்தில் வாதி இளநீர் வெட்டி வந்தார். அதையும் தொடவில்லை. பிறகு கல்லைச் சுற்றி மண்ணின் நிறத்தைப் பார்த்தாள், புல் எங்கே மக்கியிருக்கிறது என்று பார்த்தாள், அதை அறிக்கையில் எழுதினாள். எந்தச் சட்டக் கல்லூரியும் இதற்குப் பாடம் நடத்தியதில்லை. வாய்தா என்று ஒரு வார்த்தையில் ஜட்ஜ் தள்ளிவைத்தால், குஜிலியம்பாறையிலிருந்து வந்த கிழவருக்கு ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போகும் என்பதும் அப்படித்தான் தெரியவரும். அவரைப் பஸ் ஏற்றிவிட்ட ஜூனியராக ஒரு தடவையாவது இருந்திருந்தால், பிறகு தேதி போடும்போது கை கொஞ்சம் யோசிக்கும்.

ஆனால் அந்த மூன்று வருடம் யார் சோற்றில்?

ஜவ்வாது மலை புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதியின் பெயர் உங்களுக்கு நினைவிருக்கும். மலையாளிப் பழங்குடிப் பெண். 2023 தேர்வில், பிரசவமான இரண்டாம் நாளில் சென்னைக்குப் பயணம் செய்து போய் எழுதினார். 2024 தொடக்கத்தில் முடிவு வந்தபோது அவருக்கு வயது 23. தமிழ்வழியில் படித்தவர்களுக்கான ஒதுக்கீடும் அவருக்குக் கைகொடுத்தது. இப்போதைய விதிப்படி 23 வயதில் அவர் அந்தப் பரீட்சை ஹாலுக்குள் நுழைந்திருக்க முடியாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிறுமலையிலும் கொடைக்கானல் கீழ்மலையிலும் இருக்கிற பளியர் வீட்டுப் பிள்ளைகள் ஞாபகம் வருகிறது. அங்கிருந்து ஒரு பெண் சட்டம் முடித்து இறங்கி வந்தால், திண்டுக்கல்லில் அறை வாடகை கொடுத்து, கோட்டுத் துணி எடுத்து, மூன்று வருடம் யாராவது ஒரு சீனியரிடம் சும்மா நிற்க அவளால் முடியுமா? கல்யாணத்தைத் தள்ளிப்போட அவள் வீட்டில் விடுவார்களா? விதியின் நோக்கம் நல்லது. அதன் செலவு மட்டும் ஏழை வீட்டின் தலையில் விழுகிறது.

இதற்கு மருந்து இல்லாமலில்லை. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர்கள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் அமர்வு ஜூனியர்களுக்கு மாத உதவித்தொகை கொடுத்தே ஆக வேண்டும் என்று சொன்னது. சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000. அப்படியானால் திண்டுக்கல் கணக்கு 15,000. அவ்வளவு இருந்தால் ஒரு பெண் ஹாஸ்டலில் தங்கி, சாப்பிட்டு, சாயங்காலம் பரீட்சைக்கும் படிக்கலாம். எத்தனை ஆபீஸில் இது நடக்கிறது என்பதை எங்கள் கோர்ட் வளாகத்தில் எந்த ஜூனியரையாவது தனியே அழைத்துக் கேட்டால் சொல்வார்கள். சீனியர்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். தாலுகா கோர்ட்டில் புரோநோட்டு வழக்கும் செக் கேஸும் பார்க்கிற வக்கீலுக்கு மாதம் அவருக்கே நிச்சயமான வருமானம் கிடையாது. அதனால்தான் இதைத் தனித்தனி ஆபீஸின் மனசாட்சிக்கு விட்டுவிடாமல், அரசும் பார் கவுன்சிலும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

மேலே போகிற வழியையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், பிள்ளைகள் கேட்பார்கள். முன்சீப்பாகத் தொடங்கினால் வாழ்நாள் முழுக்கக் கீழ்க் கோர்ட்தானா என்று பயப்பட வேண்டியதில்லை. பின்னாளில் நம் மாநில ஆளுநராகவும் இருந்த பாத்திமா பீவி, 1958-இல் கேரளத்தில் முன்சீப்பாகத் தொடங்கி 1989-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். நம் ஊத்தங்கரை ஆர்.பானுமதி 1988-இல் நேரடி மாவட்ட நீதிபதியாக வந்து 2014-இல் உச்ச நீதிமன்றம் போனார். ஆனாலும் படிகள் ஏற நாளாகும் என்பது உண்மை. மாவட்ட நீதிபதிக்கான நேரடித் தேர்வு எவ்வளவு கடினம் என்பதற்கு 2019 சாட்சி. 31 இடங்களுக்கு மூவாயிரத்து ஐநூறு பேருக்கு மேல் எழுதி, முதல்நிலையில் ஒருவர்கூடத் தேறவில்லை. 2025 அக்டோபரில் அரசியல் சாசன அமர்வு ஒரு கதவைத் திறந்தது. வக்கீலாக இருந்த காலத்தையும் நீதிபதியாக இருந்த காலத்தையும் சேர்த்து ஏழு வருடம் ஆகி, 35 வயதும் நிரம்பியிருந்தால், பணியில் இருக்கும் சிவில் நீதிபதியும் அந்த நேரடித் தேர்வை எழுதலாம். இளம் வயதில் வருகிறவர்களுக்கு இது பெரிய தெம்பு.

கடைசியாக ஒன்று, இதுதான் என்னை அதிகம் உறுத்துவது. மூன்று வருடம் தொழில் செய்ததற்குச் சான்றிதழ் வேண்டும். அந்தக் கோர்ட்டின் முதன்மை நீதிபதி அதைக் கொடுக்கலாம்; இல்லையென்றால் பத்து வருட அனுபவமுள்ள வக்கீல் கொடுத்து, முதன்மை நீதிபதி மேலொப்பம் போட வேண்டும். இரண்டாவது வழியில் போனால் ஜூனியரின் எதிர்காலம் சீனியரின் கையெழுத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட நிலையில் எந்தப் பெண் வாய் திறந்து "சார், அந்தப் பதினைந்தாயிரம்" என்று கேட்பாள்? ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஆபீஸில் இருக்க முடியாது என்று எப்படிச் சொல்வாள்?

அந்தச் சான்றிதழோடு, மூன்று வருடமும் உதவித்தொகை வங்கிக் கணக்கில் ஏறிய விவரத்தையும் சீனியர் இணைத்துக் கொடுக்க வேண்டும் என்று விதி வரட்டும் என்கிறேன். காசு கொடுக்காத ஆபீஸின் கையெழுத்துக்கு எதற்கு மதிப்பு? ஆனால் அதற்காக ஜூனியரின் மூன்று வருடம் வீணாகிவிடவும் கூடாது. காசு கொடுக்காதவர் பார் கவுன்சிலுக்குப் பதில் சொல்லட்டும், அந்தப் பிள்ளை அவள் பெயரிலேயே ஏறிய வக்காலத்துகளையும் ஆணையர் அறிக்கைகளையும் காட்டி நேராக நீதிபதியிடம் சான்றிதழ் வாங்கிக்கொள்ளட்டும். இதைக் கோரிக்கை மனுவாக எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் வக்கீல் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் வைக்கப் போகிறேன். திண்டுக்கல், பழனி, நிலக்கோட்டை, வேடசந்தூர், நத்தம் கோர்ட்டுகளில் தொழில் செய்கிற சீனியர்கள் யாராவது சேர்ந்து கையெழுத்துப் போட முன்வந்தால், கோர்ட் முடிந்து சாயங்காலம் ஆபீஸில்தான் இருப்பேன், வாருங்கள்.